நெருப்புக்குள் போகும் சட்டை

சென்ற ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை காலை நம் பள்ளி முற்றத்தில் சிவப்பு வண்டி வந்து நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். உண்மையாகவே எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எண்ணி, ஆறாம் வகுப்புத் தங்கையர் சிலர் புத்தகப்பையையும் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடிவிட்டனர். வந்தது தீத்தடுப்பு ஒத்திகைக்கு. பாதியாய் வெட்டிய தகரப் பீப்பாயில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். நனைந்த சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார்கள். எல்லாரும் கைதட்டினோம். தொழிற்பிரிவில் ஆடை வடிவமைப்புப் பாடம் பயிலும் எங்கள் கண்கள் மட்டும் வேறொன்றின்மேல் இருந்தன. வண்டிக் கதவில் மாட்டியிருந்த தடித்த மேற்சட்டை அது.

சிஸ்டர் கேட்டதும் நிலைய அலுவலர் மறுக்கவில்லை. எங்களில் உயரமானவள் அதை அணிந்துகொண்டாள். முதலில் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? சட்டைக்கை விரல்களை விழுங்கிவிட்டது; தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கியது; கழுத்துப்பட்டி மூக்கைத் தொட்டது. அலுவலர் சிரிக்கவில்லை. “கூரைக்குத் தண்ணி அடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் மேலே தூக்கும்மா” என்றார். அவள் தூக்கினாள். சட்டையின் கீழ் விளிம்பும் கூடவே ஏறியது. சீருடையின் இடுப்புப்பட்டி வெளியே தெரிந்தது. “நெருப்பு இந்த இடத்தைத்தான் தேடும்” என்று விரலால் சுட்டிக் காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்தே நிமிடத்தில் அவள் தொப்பலாக நனைந்து அதைக் கழற்றினாள். அப்போது மணி ஒன்பதரைதான், வெயில்கூட ஏறவில்லை.

அன்று தொடங்கி எங்கள் வகுப்பில் இதே பேச்சு. பேசிப் பேசி, படித்துப் படித்து, எங்களுக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. நெருப்புக்குள் போகும் சட்டையை நெருப்பின் சூட்டை மட்டும் மனத்தில் வைத்துத் தைப்பது தவறு. அதற்குள் இருக்கும் ஆளின் உடலிலிருந்து தொடங்கித் தைக்க வேண்டும். இதைச் சொல்ல நாங்கள் யார் என்று கேட்கலாம். அளவெடுக்கவும் வெட்டவும் தைக்கவும் கற்கிறோம். எனவே சொல்லலாம் என்றே நினைக்கிறோம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நம் நாட்டில் தீயணைப்புப் பணி நாள் நினைவுகூரப்படுகிறது. 1944-ஆம் ஆண்டு அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். அவ்வெடிப்பில் எந்தச் சட்டையும் அவர்களைக் காத்திருக்காது; அதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அந்நாளில் நாம் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோமே தவிர, அவர்களுடைய சட்டையைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் அம்மாக்களுக்கு இந்தக் கலையின் பாதி முன்பே தெரியும் என்றால் வியப்பாக இருக்கும். நைலான் சேலை உடுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போகாதே என்று பாட்டி அதட்டுவது ஏன்? பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது பிடிதுணி ஈரமாய் இருந்தால் என்ன ஆகும்? உலர்ந்த துணி பொறுக்கும் சூட்டை ஈரத்துணி பொறுக்காது, கை சுட்டுவிடும். உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே காற்று தங்கியிருக்கிறது. காற்று சூட்டை மெல்லத்தான் கடத்தும். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சூடு விரைந்து வரும். இன்னும் சூடேறினால் நீராவியாகிச் சுடும். வியர்வையில் ஊறிய சட்டையோடு நெருப்பின் முன் நிற்பவருக்கும் இதே கதிதான். மனிதத் தோல் 44 பாகை செல்சியசில் வலியை உணரத் தொடங்கும். 55 பாகையை எட்டினால் கொப்புளம் காணும். இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள்.

ஆகவேதான் இச்சட்டையை மூன்று அடுக்காகத் தைக்கிறார்கள். வெளி அடுக்கு தழலுக்கும் கிழிசலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். நடு அடுக்கு வெளித் தண்ணீரை உள்ளே விடாமல், உள்ளிருக்கும் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விட வேண்டும். உள் அடுக்கு பஞ்சணைபோல் தைத்தது. அதன் வேலை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது. வெளி அடுக்குக்கு 1960-களில் நோமெக்ஸ் என்னும் இழை கிடைத்தது. அது உருகாது, சூடு பட்டால் தடித்துக் கருகும். கருகிய துணி விரிசல் விடாதிருக்க வலுவான வேறோர் இழையும் அதனோடு வேண்டும். அந்த இழை பிறந்த வரலாற்றை நம் பள்ளி மாணவியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஸ்டெஃபனி குவோலெக் 1923-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். தாயிடமிருந்து துணியின்மீதும் தையலின்மீதும் பற்று வந்தது. பொம்மைகளுக்கு உடை தைத்தார். ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்றுகூடக் கனவு கண்டார். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். அதற்குப் பணம் சேர்ப்பதற்காக 1946-இல் டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளராகச் சேர்ந்தார். சேர்ந்தவர் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். 1965-இல் வண்டிச் சக்கர டயர்களுக்கு இலேசான, வலுவான இழை தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கரைசல் கிடைத்தது. வழக்கமாக இழைக்கான கரைசல் பாகுபோல் கெட்டியாகவும் தெளிவாகவும் இருக்கும். இதுவோ மோர்போல நீர்த்து, கலங்கி இருந்தது. வேறொருவராக இருந்தால் கழுநீரில் கொட்டியிருப்பார். நூல் இழுக்கும் கருவியைக் கவனித்தவரும், இதை ஊற்றினால் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று முதலில் மறுத்துவிட்டாராம். குவோலெக் விடவில்லை. வற்புறுத்தி நூலாக இழுக்கச் செய்தார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலுவான கெவ்லார் அப்படித்தான் வந்தது. குண்டு துளைக்காத உடையில் அது புகழ்பெற்றது. தீயணைப்போர் சட்டையின் வெளித்துணியிலும் வலுச் சேர்க்கும் இழையாகக் கலந்தது. 2014-இல் தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தார். “அவள் தையல் குரூப்தானே!” என்று எங்களைப் பார்த்துச் சொல்லும் தோழியர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

துணி கிடைத்துவிட்டது, இனி அடுக்கை எவ்வளவு தடிப்பாக்கலாம் என்பதுதானே கேள்வி? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நாங்களும் முதலில் தவறினோம். தடித்தால் நல்லது, மேலும் தடித்தால் மேலும் நல்லது என்று நினைத்தோம்.

தீயணைப்போர் உடைக்கு அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ஒரு தரநிலை வகுத்தது. அதற்கு அப்போது இட்ட எண் 1971. ஆண்டு என்று மயங்கிவிட வேண்டாம். முதற் பதிப்பு வந்தது 1975-இல். அதில் ஓர் அளவு உண்டு. அறை முழுவதும் ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும் கொடிய நிலைக்கு நிகரான வெப்பத்தைத் துணியின்மேல் பாய்ச்சி, உள்ளே தோல் கொப்புளிக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்ப்பார்கள். தேர்ச்சி பெற வேண்டிய குறைந்த அளவு 35 புள்ளி. அதை நேரமாக மாற்றினால் சுமார் 17 விநாடி. அருள் நிறை மந்திரம் ஒன்றைச் சொல்லி முடிக்கும் நேரந்தான்! வெளியே ஓடிவருவதற்கான அவகாசம் அது. உள்ளே நின்று வேலை செய்வதற்கானது அன்று.

சரி, 17 விநாடியை 30 ஆக்க இன்னும் பஞ்சு வைத்துத் தைத்துவிடலாமே? தைக்கலாம். ஆனால் வெளிச்சூடு உள்ளே வராத சட்டையில் உள்சூடும் வெளியே போகாது. குழாயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுபவரின் உடலே ஓர் அடுப்பு. சட்டை, கால்சட்டை, தலைக்கவசம், காற்று உருளை எல்லாம் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் சுமை. கடும் வேலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறும். அந்த வியர்வை ஆவியாகப் போனால்தான் உடல் குளிரும். போக வழியில்லாவிட்டால் வியர்த்தும் பயனில்லை. இதை உணர்ந்துதான் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் உடலின் வெப்பம் வெளியேறுவதற்கும் ஒரு குறைந்த அளவைச் சேர்த்தார்கள்: ஒரு சதுர மீட்டருக்கு 130 வாட். 2007-இல் அதை 205 வாட்டாக உயர்த்தினார்கள். இரண்டு அளவுகளும் கயிறிழுப்புப் போட்டிபோல எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்றை வளர்த்தால் மற்றது தேயும். வடிவமைப்பு என்பதே அந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று முடிவு செய்வதுதான்.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்போரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. ஏறத்தாழப் பத்தில் நால்வர் இதய நோயால் இறந்திருந்தனர். தீக்காயத்தால் அல்ல, இதயத்தால்! சட்டை ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை; உழைப்பு, புகை, வயது, பதற்றம் எல்லாம் சேரும். ஆனால் உடற்சூட்டை அடைத்து வைக்கும் சட்டை, தவிக்கும் இதயத்துக்கு நிச்சயமாக உதவி செய்வதில்லை.

குளிர் நாடுகளில் வகுத்த அளவுகளே இவை. மே மாதத்துச் சென்னையை எண்ணிப் பாருங்கள். காற்றிலேயே சூடு, அதோடு கடலோரப் புழுக்கம். நிழலில் சும்மா உட்கார்ந்தாலே முந்தானையால் விசிறிக்கொள்ளும் ஊர் இது. இங்கே வேலை செய்பவருக்கு வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து மிகத் தடித்ததை வாங்கிக் கொடுப்பது அக்கறைபோல் தோன்றும், அக்கறை ஆகாது. 2018-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இவ்வுடைக்குத் தனித் தரநிலை வெளியிட்டிருப்பது நல்ல தொடக்கம். கோவையில் 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. திருப்பூரில் தையல் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நம் புழுக்கத்துக்கு ஏற்ற சட்டையை நாமே ஆராய்ந்து தைக்க என்ன தடை?

“முதலில் எல்லாருக்கும் ஒரு சட்டையாவது கிடைக்கட்டும், பிறகு நயம் பார்க்கலாம்” என்று எங்களில் ஒருத்தியின் அப்பா சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு வரும் அழைப்பெல்லாம் தீ அழைப்பா? கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் நுழைந்த பாம்பு, வெள்ளத்தில் சிக்கியவர், சாலை விபத்து என்று எத்தனை! (எங்கள் விடுதிக் குளியலறைக்கு வந்த சாரைப்பாம்பைப் பிடித்துச் சென்றவர்களும் அவர்களே.) இவற்றுக்கெல்லாம் மூன்றடுக்குச் சட்டை எதற்கு? இலேசான ஓரடுக்கு உடை ஒன்று, கட்டடத் தீக்குத் தடித்தது ஒன்று என்று பிரித்தால் தடித்த சட்டை வீணாகத் தேயாது; உடலும் தவிக்காது. நயம் என்பது செல்வர் பார்க்கும் பகட்டு அன்று. சிக்கனமும் அதற்குள் இருக்கிறது.

விவிலியத்தில் தானியேல் நூலில் எரியும் சூளைக்குள் எறியப்பட்ட மூன்று இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் வெளியே வந்தபோது ஆடைகள் கருகவில்லை என்பதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. நெருப்பின் வாடைகூட அவர்கள்மீது இல்லை என்றும் சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், இரண்டாவது செய்தியின் அருமை எங்களுக்கு இப்போதுதான் விளங்கியது. புகை வாடை வீசும் கரி படிந்த சட்டையை வீரத்தின் அடையாளமாக மதித்து, துவைக்காமலே அணியும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. அந்தக் கரியில் நஞ்சு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் விளைவிக்கும் பணி என்று முதல் வகையில் சேர்த்தது. ஆகவே எளிதாகக் கழற்றவும், அடுக்குகளைப் பிரிக்கவும், துவைக்கவும், விரைவில் உலர்த்தவும் முடிகிறதா என்பதும் வெட்டுமுன்பே யோசிக்க வேண்டியவை. ஒருவருக்கு ஒரே சட்டை என்றால் அவர் எப்போது துவைப்பார்?

நஞ்சு புகையில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தீயணைப்பு வீரரின் மனைவி டயான் காட்டர். கணவருக்குப் புற்றுநோய் வந்தது. அவர் அணிந்த உடை எதனால் ஆனது என்ற கேள்வி இவரை விடவில்லை. விடை தேடி அலைந்து, நோட்டர்டேம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிரஹாம் பீஸ்லீயிடம் உடைத் துணியைச் சோதிக்கக் கேட்டார். நீரும் எண்ணெயும் ஒட்டாதிருக்கச் சேர்க்கப்படும் ஃபுளூரின் சேர்மங்கள், மண்ணிலும் உடலிலும் எளிதில் அழியாதவை, அத்துணியில் மிகுந்திருந்ததைப் பீஸ்லீ குழுவினர் 2020-இல் வெளியிட்டனர். அச்சேர்மங்களைத் தீயணைப்போர் உடையில் சேர்ப்பதை 2027 முதல் தடுக்கும் சட்டம் 2024-இல் அந்த மாநிலத்தில் இயற்றப்பட்டது. துணியை உற்றுப் பார்த்து ஒரு பெண் கேட்ட கேள்வி எங்கே போய் நின்றது பாருங்கள்! மாற்றுத் துணி கண்டுபிடிப்பது எளிதன்று. நீர் புகாமையும் வேண்டும், நஞ்சும் கூடாது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. நம்மில் ஒருத்தி அதில் சேரக் கூடாதா?

இனி, எங்கள் தோழியின் இடுப்புப்பட்டிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் ஆகிய இருவரும் தீயணைப்புத் துறையில் அலுவலர்களாகப் பணியேற்றனர். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்திலுள்ள பழைய கலச மகால் தீப்பிடித்தபோது, பிரியா ரவிச்சந்திரன் தம் வீரர்களோடு உள்ளே சென்றார். கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பிரியா கடும் தீக்காயமுற்றார். வெளியில் நின்று கட்டளையிடும் பதவிதானே என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த இரவு விடை சொல்லிற்று. பெண்கள் நெருப்புக்குள் போகிறார்கள்.

அப்படியிருக்க, ஆண் உடலுக்கு வெட்டிய படிவத்தையே சிறிதாக்கிப் பெண்ணுக்குக் கொடுப்பது சரியா? படிவம் வெட்டக் கற்ற எவளும் சொல்வாள்: பெண்ணுடல் சிறிய ஆணுடல் அன்று. தோள் குறுகும், இடை ஒடுங்கும், இடுப்பு அகலும், இடையிலிருந்து கவட்டை வரையுள்ள நீளம் மாறும். மார்பளவுக்குப் பொருந்தச் சிறிய சட்டை கொடுத்தால் இடுப்பில் இறுகும். இறுகிய இடத்தில் காற்றடுக்கு நசுங்கும். நசுங்கிய இடத்தில்தான் முதலில் சுடும். இடுப்புக்குப் பொருந்தப் பெரியது கொடுத்தால் தோளில் தொங்கி, கம்பியிலும் ஆணியிலும் மாட்டும். கையுறை விரல் நீண்டிருந்தால் குழாயின் திருகைப் பிடிக்க முடியாது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மேற்சட்டை கால்சட்டையின்மேல் 2 அங்குலமாவது படிந்திருக்க வேண்டும் என்பது முன்சொன்ன அமெரிக்கத் தரநிலையின் விதி. அது அழகுக்கு வைத்த விதி அல்ல. கையைத் தூக்கும்போது இடைவெளி விழுந்தால் அங்கே சட்டையே இல்லை என்றுதான் பொருள்.

பெண்கள் சிலர்தானே, அவர்களுக்கென்று தனிப் படிவமா என்பார்கள். சிலர் என்பதால் அவர்களுடைய தோல் குறைவாகச் சுடுமா? பொருந்தாத சட்டையைக் கொடுத்துவிட்டு, பெண்களால் இவ்வேலை முடியவில்லை என்று எழுதி வைப்பது எளிது. அளவெடுப்பதற்கு ஒரு நாடா போதும். நம் ஆண் வீரர்களுக்குங்கூட, அயல்நாட்டு அளவில் வரும் சட்டை எல்லாருக்கும் பொருந்துவதில்லை. ஆகவே இது பெண்களுக்குக் கேட்கும் சலுகையும் அன்று.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர், “வாயால் தைத்தது போதும்” என்றார். வெட்கமாய்ப் போயிற்று. பழைய காக்கித் துணியை மூன்றடுக்காக மடித்து ஒரு மேற்சட்டை மாதிரி வெட்டினோம். நெருப்புக்குப் போகும் துணியன்று. வெட்டை மட்டும் சோதிப்பதற்கு. அக்குளில் சாய்சதுரத் துண்டு வைத்தோம். முழங்கையை நேராக வெட்டாமல், கை இயல்பாய் மடங்கும் வளைவில் வெட்டினோம். முதல் மாதிரி தோற்றது. தோளில் துணி மலைபோல் குவிந்தது. இரண்டாவதை அதே தோழி அணிந்து இரு கைகளையும் தூக்கினாள். கீழ் விளிம்பு இரண்டு விரற்கடைதான் ஏறியது. இடுப்புப்பட்டி தெரியவில்லை.

நிலைய அலுவலருக்குச் சிஸ்டர் கடிதம் எழுதினார். வரும் சனிக்கிழமை மாதிரியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அங்குள்ள வீரர் ஒருவர் அதை அணிந்து ஏணி ஏறிப் பார்ப்பாராம். இடக்கை முழங்கையில் இன்னும் சற்று இழுக்கிறது. அதைப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறோம்.